தேயும் பொருளும் தேயாத கடமையும்

பயணம் புறப்படும் வேளையில் நாம் எத்தனையோ காரியங்களைக் கவனிக்கிறோம். பெட்டிகள் ஏறிவிட்டனவா, வீட்டைப் பூட்டினோமா, குடிக்கத் தண்ணீர் எடுத்தோமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்கிறோம். காரின் கண்ணாடியைத் துடைக்கிறோம். முகப்பில் பூச்சரமும் சாத்துகிறோம். ஆனால், நம் அனைவரின் உயிரையும் சுமந்து ஓடப்போகும் நான்கு டயர்களை ஒரு கணம் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

காரின் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவே. வண்டி திரும்புவதும் நிற்பதும் மழைநாளில் வழுக்காமல் செல்வதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவால்தான். இவ்வளவு சிறிய ஓரிடத்தில் இவ்வளவு பெரிய பொறுப்பு தங்கியிருப்பதைப் பற்றி நாமும் நெடுநாள் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது ஒரு மே மாத நண்பகல்.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருச்சி நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தோம். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் பின்சக்கர டயர் ஒன்று பேரோசையுடன் வெடித்தது. வண்டி ஒருபுறமாக இழுத்துச் சென்று, சாலையோரத்துப் புழுதியில் நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால், சில நொடிகளுக்கு முன்புதான் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர் ஏறிய ஒரு மொபெட்டை நாம் முந்தி வந்திருந்தோம். அவர்கள் மெல்ல நம்மைக் கடந்து சென்றபோது, அந்தச் சிறு பெண் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். நமக்கோ கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியோட்டி வந்த தம்பி தலைகுனிந்து, “போன மாசமே சொன்னேங்கய்யா, பின்னாடி டயர் சரியில்லைன்னு” என்றார். உண்மை. அவர் சொல்லியிருந்தார். “இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்” என்று பதில் சொன்னவர் நாம்.

சிக்கனமா, அலட்சியமா?

மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி, அருகிலிருந்த பஞ்சர் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தார். இரு ஓரங்களும் வழவழவென்று தேய்ந்திருக்க, நடுவில் மட்டும் பள்ளங்கள் இன்னும் மீதமிருந்தன. “காத்து கம்மியாவே ஓடியிருக்குங்க” என்றார் அவர். பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி நாம் ஒத்திப்போட்டோம். உண்மையிலோ, மாதந்தோறும் காற்றுப் பார்த்திருந்தால் அந்த டயர் மேலும் பல மாதங்கள் பத்திரமாக உழைத்திருக்கும். நாம் சிக்கனம் என்று அழைத்தது அலட்சியத்தின் மறுபெயராக இருந்தது.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? சிக்கனம் பொருளை உற்றுப் பார்க்கிறது. அலட்சியம் பார்க்க மறுக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் பணம் செலவழிக்காமல் இருப்பதுதான். ஆனால், ஒன்றில் உழைப்பு இருக்கிறது. மற்றதில் சோம்பல் மட்டுமே இருக்கிறது. மறதியைத் தீங்கு என்று கண்டுதான் வள்ளுவரும் ‘பொச்சாவாமை’ என்று தனி அதிகாரமே வகுத்தார் போலும்.

உழைப்பு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். எந்தக் கோளாறுமின்றியே ஒரு டயர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு காற்றை இழக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை, வண்டி ஓடி வெப்பமேறுவதற்கு முன்பே, காற்றின் அளவைப் பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்திலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். காற்றுக் குறைந்தால் டயரின் ஓரங்கள் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்கோணம் தவறியிருக்கிறது என்று பொருள். எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இடம் மாற்றினால் நான்கும் ஒரே சீராகத் தேயும். மாற்றுச் சக்கரத்துக்கும் காற்று வேண்டும் என்பதைப் பலர் அது தேவைப்படும் நாளில்தான் நினைவுகூர்கிறார்கள்.

கோடையில் காற்று விரியும் என்றஞ்சி, வேண்டுமென்றே குறைத்து வைப்பவர்களும் உண்டு. இது தவறு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடங்கலே உள்ளுக்குள் வெப்பத்தை மூட்டுகிறது. கொதிக்கும் சாலையும், மிகுந்த பாரமும், நெடுந்தூர வேகமும் அதனுடன் சேரும்போதுதான் டயர் வெடிக்கிறது. நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிந்துகொள்வதும் கடமையின் ஒரு பகுதியே என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

விலையில் அடங்காத விலை

“என் பொருள், என் பணம், காத்தால் என்ன, வீணடித்தால் என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். ஒரு டயரின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், அது முழுவதும் நம் பொருள்தானா என்ற ஐயம் எழும்.

கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்பதை 1839-இல் கண்டறிந்த அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று முயன்று, 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தகப்பனின் பரிவில் பிறந்த அப்பொருளின் தேவை பெருகியபோது, ஆப்பிரிக்காவின் காங்கோவில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சி, காட்டு ரப்பருக்காக மக்களை அடித்தும் கொன்றும் வேலை வாங்கியது. பிரேசிலிலிருந்து 1876-இல் கொண்டுவரப்பட்ட விதைகளின் வழியே ரப்பர் மரம் ஆசியாவில் பரவியது. பின்னர் மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரத்தைக் கீறிப் பால் வடித்த கைகளில் பெரும்பாலானவை தமிழரின் கைகள். நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் அவர்களில் பலர்.

இவற்றையெல்லாம் காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஆனால், ஒரு பொருளுக்கு நாம் கொடுத்த பணம் அதன் முழு விலையன்று என்பதை உணர்ந்தவர், அதை அவ்வளவு எளிதாகப் பாழாக்க மாட்டார். பொருளைப் பேணுவது பொருளை வழிபடுவதன்று. அதற்குள் உறைந்திருக்கும் மனிதரை மதிப்பதே.

எதுவரை காப்பது?

அப்படியானால் இயன்ற மட்டும் நீட்டிப்பதே அறமா? இங்கேதான் கேள்வி கடினமாகிறது. பேணுவதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டின் மோட்டார் வாகன விதிகள், கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரின் பள்ளங்களுக்குள்ளேயே இருக்கின்றன. தேயாவிட்டாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள், அது எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று சொல்லும். பக்கச் சுவரில் வெடிப்புகள் தோன்றிய பின்பும் ஓட்டுவது சிக்கனமன்று. பிறர் உயிரை வைத்து ஆடும் பந்தயம். அந்த மொபெட் குடும்பம் நம் சேமிப்புக்குப் பணயமாக இசையவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

பொறுப்பு யாருடையது என்று வழக்காடுவதும் எளிது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், மேற்பரப்பு பிரிந்து கழன்ற காரணத்தால் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றைப் பூட்டிய ஃபோர்டு நிறுவனம் டயரைக் குறை கூறியது. டயர் நிறுவனமோ காரின் அமைப்பையும் அதற்குப் பரிந்துரைத்த குறைந்த காற்றழுத்தத்தையும் குறை கூறியது. இருவரும் வாதிட்டார்கள், இறந்தவர்கள் மீளவில்லை. அதன் பின்னர் அமெரிக்காவில், காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய கார்களில் கட்டாயமாயிற்று. விளக்கு எரியும், ஆனால் அதைக் கண்டு நிறுத்துபவர் மனிதர்தானே!

நம் வீட்டிலும் அதே வழக்கு நடக்கிறது. ஓட்டுநர் சொல்கிறார், உரிமையாளர் தள்ளிப்போடுகிறார், விபத்து நேர்ந்தால் ஓட்டியவரே முதலில் குற்றவாளியாகிறார். நாள் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு நான்கு டயர்களின் விலை பல வார வருமானம். அவரைப் பார்த்து அறம் பேசும் தகுதி, பணமிருந்தும் மாற்றாத நமக்கு இல்லை. மாற்ற இயலாதவரின் தவறும், மாற்ற மனமில்லாதவரின் தவறும் ஒரே தராசில் நிற்பவையல்ல.

அன்று பஞ்சர் கடையில் மற்றொரு சோதனையும் காத்திருந்தது. மறுபக்கத்து டயரும் தன் எல்லையைத் தொட்டிருந்தது. இரண்டையும் மாற்றினோம். கழற்றியதைக் கடைக்காரர் ஓரமாக வைத்து, “இதுக்கு ஒரு விலை போட்டுக்கலாம்யா, லோடு வண்டிக்காரங்க வாங்கிப்பாங்க” என்றார். சில நூறு ரூபாய் திரும்பக் கிடைக்கும். பொருளும் வீணாகாது. ஆனால், நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகாத டயர், யாரோ ஓர் ஏழையின் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகுமா? நமக்கு ஆபத்தானது மற்றவருக்கு மலிவான நன்மையாகிவிடுமா? சற்று நேரம் தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்பு, அதன் பக்கச் சுவரைக் கத்தியால் அறுத்துவிடச் சொன்னோம். இனி அது உருக்கவோ அரைக்கவோ போகலாம், சாலைக்குத் திரும்பாது. கடைக்காரர் நம்மை விநோதமாகப் பார்த்தார்.

தேய்வது முற்றிலும் மறைந்துபோவதுமில்லை. டயரிலிருந்து உதிரும் நுண்துகள்கள் மழைநீரில் கலந்து ஓடைகளைச் சேர்கின்றன. அவற்றிலுள்ள ஒரு வேதிப்பொருளின் மாற்றமே வடஅமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் கடந்து சென்ற வழியெங்கும் நம்மில் ஒரு பகுதியை விட்டுச் செல்கிறோம். மெதுவாகத் தேய்வது என்பதும் அண்டை உயிர்களுக்குச் செய்யும் ஒரு சிறு மரியாதையே.

அன்பர்களே, பெரிய தியாகங்களைச் செய்ய நமக்கு வாய்ப்புகள் அடிக்கடி வருவதில்லை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் குனிந்து பார்க்கும் வாய்ப்போ எல்லாருக்கும் இருக்கிறது. திருமணத்திலிருந்து திரும்பிய அன்றிரவு, வண்டியோட்டிய தம்பியிடம், “நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்” என்றோம். அவர், “பரவாயில்லைங்கய்யா” என்றார். அடுத்த மாத முதல் ஞாயிறன்று, அவர் வருமுன்பே நாம் காற்றுமானியுடன் முற்றத்தில் குந்தியிருந்தோம். நான்கையும் பார்த்து முடித்ததும் அவர் மெல்ல நினைவூட்டினார்: “ஸ்டெப்னியையும் பாத்துருங்கய்யா.”