போனில் கேட்ட இடுப்பு வலி

2020 மார்ச் 25. நாடு தழுவிய கொரோனா ஊரடங்கின் முதல் நாள். தொலைமருத்துவ நெறிமுறைகளும் அன்றுதான் வந்தன. போனில் விசாரித்தே மருத்துவர் பல மருந்துகளை எழுதலாம். மார்பீன் போல போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதக்கூடாது. காரணம் புரிகிறது. ஆனால் புற்றுநோய் வலியோடு படுத்திருப்பவர், பஸ் ஓடாத நாளில் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார்?

*

படப்பை தாண்டி ஒரகடம் போகிற வழியில் சேரப்பணஞ்சேரி. இங்கே என்னிடம் பிசியோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஷிப்டு முழுக்க தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்கள். ஊரடங்கில் கம்பெனி மூடினால் இடுப்பு தேறிவிடும் என்று நம்பினார்கள். தேறவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். பெரும்பாலும் அதற்குள் காயம் ஆறியிருக்கும். நரம்பு மண்டலம்தான் பதற்றத்தை விடாது. படுத்தே கிடந்தால் தசை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, சம்பளக் கவலை வேறு. ஒரே அறையில் நாலைந்து பேர். நடக்க மொட்டை மாடிதான் இருந்தது. அதையே மருந்தாகச் சொன்னேன்: காலையும் மாலையும் கொஞ்சம் நட, வலி கூடினால் நேரத்தைக் குறை, நிறுத்தாதே.

*

போனில் “எங்கே வலிக்குது?” என்று கேட்டுப் பயனில்லை. “இடுப்புதான் சார்” என்று முடித்துவிடுவார்கள். “குனிஞ்சு ஷூ மாட்ட முடியுதா? தண்ணிக் கேனை யாரு தூக்குறாங்க?” என்றால் பேச்சு நீளும். தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்று கேட்காமல் போனை வைக்கக்கூடாது. ஆம் என்றால் ஊரடங்கைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

*

அந்த மார்ச்சில் பிரான்ஸ் சுகாதார அமைச்சரின் ஒரு பதிவால் வலி மாத்திரை இபுப்ரோஃபென் மேல் பயம் பரவியது. அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை என்று சில நாளில் உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது. பயம் அத்தனை சீக்கிரம் போகவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுவின் கதை நேர் எதிர்: கொரோனாவுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் ஊரே அதைத் தேட, முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் அதையே நம்பியிருந்தவர்கள் மருந்துக்கடைகளில் அலைந்தார்கள்.

*

2021 மே. முழு ஊரடங்கிலும் கார் லைன்கள் ஓடின. ஒரகடம் ரெனால்ட்-நிசான் தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். மாதக் கடைசியில் ஆலை சில நாள் நின்றது. லைனில் சமூக இடைவெளி இல்லாததுதான் வழக்கின் மையம். அதே நெருக்கமும் வேகமும் முதுகையும் கெடுக்கின்றன. எனக்குத் தெரிந்து அதை யாரும் வழக்காகக் கொண்டுபோனதில்லை.

*

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வந்தன. பெரிய காரியம். ஆனால் பகலில் திட்டப் பணியாளர்கள் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது முட்டி வலிக்கார அம்மா. மகன் ஷிப்டில் இருக்கிறான், அல்லது இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறான். அவனுக்கான நேரம் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முந்தைய அரை மணிதான். நான் கிளினிக் திறப்பதும் அப்போதுதான்.