எடுத்தலும் வைத்தலும்

ஒரு பொருளை எவ்வாறு பெறுகிறோம் என்பதில் அறம் உண்டு என்பதை யாவரும் அறிவர். களவின்றிப் பெறுதலும் அளவறிந்து பெறுதலும் இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் அடங்கியவை. ஆனால், பயன் முடிந்த பொருளை எங்கே, எவ்வாறு விடுகிறோம் என்பதிலும் அறம் உண்டு என்பது நம் நினைவில் அத்துணை எளிதில் வருவதில்லை. முனிவர்க்கு வகுக்கப்பெற்ற ஐந்து சமிதிகளுள் இரண்டு இதனைப் பற்றியே அமைந்துள்ளன. எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்கு ஊறு நேராது காத்தல் ஆதான நிட்சேபண சமிதி. கழிப்பனவற்றைச் சிற்றுயிர்கள் இல்லாத இடம் பார்த்துக் கழித்தல் உற்சர்க்க சமிதி. துறவியர் இவற்றை முழுமையாகக் காக்கின்றனர். இல்லறத்தார் தத்தம் ஆற்றலுக்கு இயன்ற அளவு பின்பற்றுதல் தகும்.

இதனைச் சிந்தித்தற்கு ஜவ்வாது மலை நல்லதோர் இடம். போளூருக்கு அருகிலுள்ள திருமலைக்குச் சென்று, பாறையில் வடிக்கப்பெற்ற 16 அடி உயர நேமிநாதரை வணங்கியபின், மேற்கே ஜமுனாமரத்தூருக்கும் பீமன் நீர்வீழ்ச்சிக்கும் சென்று வருதல் பலர்க்கு விருப்பமான பயணம். சாமை விளைத்தும் தேன் எடுத்தும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் அது. செய்யாறு தோன்றுவதும் அம்மலையிலேதான். தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் நிலப்பகுதியின் ஊடே ஓடி, அது பாலாற்றில் கலக்கிறது. மலையில் விடப்படும் பொருள் மலையிலேயே தங்கிவிடுவதில்லை.

மக்கள் இன்பச் செலவு செல்லும் எந்த மலையிலும் வழியோரத்தில் காலிப் பாட்டில்கள் கிடக்கக் காண்கிறோம். உடைந்த கண்ணாடி, மேயும் மாட்டின் காலையும் மானின் காலையும் வெறுங்காலுடன் நடக்கும் சிறுவனின் காலையும் ஒருங்கே கிழிக்கும். இனிப்புப் பானம் எஞ்சிய பாட்டிலுள் எறும்பும் வண்டும் புகுந்து மீளாது மடியும். மழைநீர் தேங்கினால் கொசு பெருகும். அதனைக் கொல்லப் பின்னர் மருந்து தெளிப்பர். குப்பையோடு சேர்த்து எரித்தாலோ அங்குள்ள சிற்றுயிர்கள் அனைத்தும் வேகும். எறிந்தவன் எவ்வுயிரையும் கொல்ல எண்ணவில்லை என்பது உண்மையே. ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் இலக்கணத்திலேயே விழிப்பின்மையைச் சேர்த்துக் கூறுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, அரசு நெறிக்கு வருவோம். நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுப் பாட்டில்களால் யானை முதலிய விலங்குகள் காயமுறுவதைச் சென்னை உயர்நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அதன் பயனாக 2022 மே மாதம் அம்மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. டாஸ்மாக் கடையில் பாட்டில் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்படும். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அத்தொகை மீளும். பின்னர் இத்திட்டம் பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. இது தண்டமன்று; வாங்கியவன் பணமே அவனுக்காகக் காத்திருக்கிறது. அவன் எறிந்து சென்றாலும், ஏழை ஒருவர் பொறுக்கிக் கொடுத்து அதனைப் பெறலாம்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பித் தருபவன் அறம் செய்தவன் ஆவானா?

ஆகான் என்பார் கூறுவது: அவனை இயக்கியது அருள் அன்று, பொருளாசையே, தொகையை நீக்கினால் மறுநாளே அவன் பழையபடி எறிவான். ஆவான் என்பார் கூறுவது: மானின் கால் மனிதனின் எண்ணத்தைக் கேட்பதில்லை; கண்ணாடி அங்கு இல்லை என்பதே அதற்குப் போதும். நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தனர். வெளியே உயிர்க்கு நேரும் ஊறு திரவிய இம்சை. உள்ளத்தே விழிப்பின்மையாகவும் ஆசையாகவும் நிகழ்வது பாவ இம்சை. பத்து ரூபாய் முன்னதைத் தடுக்கும். பின்னதைத் தொடவும் மாட்டாது. ஆதலின் அந்நெறியை இகழ்தலும் தவறு, அதுவே போதும் என்று அமைதலும் தவறு. வேலி பயிரைக் காக்கும். பயிரை விளைவிப்பது வேலியன்று.

‘மதுவை நாம் தொடுவதில்லை; மதுப் பாட்டிலைப் பற்றி நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். மதுவை விலக்குவது நம் விரதம். வழியில் கிடக்கும் கண்ணாடி எவ்வுயிரையும் வருத்தாதிருக்க வேண்டுவதும் அதே விரதத்தின் பகுதியே. அவ்வாறு வேண்டுதல் குடிக்கு உடன்படுதல் ஆகாது.

மேலும், தண்ணீர்ப் பாட்டில் நம் கைகளிலும் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1971-இலேயே பாட்டில்களுக்கு முன்பணச் சட்டம் இயற்றியது. பீரும் சோடாவகைப் பானங்களும் அதில் அடங்கின. தண்ணீர்ப் பாட்டில் அச்சட்டத்துள் வந்தது 2009-இல்தான். தீங்கற்ற பொருளின் கலம் தீங்கற்றதாகவே தோன்றும் போலும்! நம் நாட்டில் கேதார்நாத் யாத்திரை வழியில் 2022-இல் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்கு 10 ரூபாய் முன்பணம் பெற்றுத் திருப்பித் தரும் முறை வந்தது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடை தண்ணீர்ப் பொட்டலத்தை விலக்கியது, பாட்டிலை விலக்கவில்லை.

தண்ணீரை வடிகட்டியே பருக வேண்டும் என்பது நம் குடும்பங்களின் பழைய ஒழுக்கம். அக்காலத்தில் பயணம் புறப்படுவோர், வடிகட்டிய நீரைக் கூஜாவில் நிறைத்துக் கையோடு எடுத்துச் செல்வர். கூஜாவை எவரும் வழியில் எறிந்ததில்லை. இன்றோ திருமணப் பந்தியில் இலைதோறும் ஒரு சிறு பாட்டில் நிற்கிறது. பாதி பருகிய நீருடன் அது குப்பைக்குப் போகிறது. நீரில் வாழும் நுண்ணுயிர்க்கு இரங்கித் துணியால் வடிகட்டிய மரபினர், அந்நீரைத் தாங்கிய கலம் எங்கே போய் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டாவா?

சட்டம் எட்டாத இடத்திலேதான் விரதம் தன் வலிமையைக் காட்டும். ஆகவே யாத்திரைக் குழுவினருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். இயன்றவரை கூஜாவும் குடுவையும் கொண்டு செல்லுங்கள். பாட்டில் வாங்க நேரின், ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாயைக் குழுத் தலைவரிடம் முன்பணமாக வையுங்கள். காலிப் பாட்டிலைக் காட்டித் திரும்பப் பெறுங்கள். எஞ்சும் தொகை அன்னதானத்திற்கு ஆகட்டும். மலை ஏறிய பாட்டில் எத்தனையோ, அத்தனையும் மலை இறங்க வேண்டும். சில பயணங்களுக்குப் பின் முன்பணம் தேவைப்படாமற் போகும். அன்று நம் குழந்தைகளின் கை, எதனையும் கீழே வைக்குமுன் ஒரு கணம் நின்று, அங்கே உயிர் ஏதும் உளதோ என்று பார்க்கும். சமிதி என்பது அந்த ஒரு கண விழிப்பே.