கறையைத் துடைத்தவள்

எங்கள் வீட்டில் கார் நிற்கும் சிமெண்ட் தரையில் சில மாதங்களாக ஒரு பச்சைக் கறை வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்தான். வெள்ளிக்கிழமை தரை கழுவும்போது பினாயில் ஊற்றித் தேய்த்துவிடுவேன். அடுத்த வெள்ளிக்கு மறுபடியும் இருக்கும், மறுபடியும் தேய்ப்பேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. கறை என்றால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதே மாதங்களில் என் இணையர் ஞாயிறுதோறும் பானெட்டைத் திறப்பார். கூலண்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கும். போர் தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி மூடிவிடுவார். அது எங்கே போகிறது என்று அவரும் கேட்டதில்லை. கார் அவருடைய இலாகா, தரை என்னுடையது. இரண்டு பேரும் அவரவர் வேலையை வாரம் தவறாமல் செய்தோம்.

மே மாதம் அம்மாவை மேலூரில் விட்டுவரத் திருச்சியிலிருந்து நான்தான் ஓட்டிப் போனேன். விராலிமலை தாண்டியதும் அம்மா, "ஏதோ பாகு காய்ச்சுற வாடை வருதுடி" என்றார். "வெளிய எங்கயாவது வெல்லம் காய்ச்சுவாங்கம்மா" என்றேன். அந்தப் பொட்டல் வெயிலில் யார் வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறியது. ஓரம் கட்டி இணையருக்கு போன் செய்தேன். "வெயில்தானே, ஏசியை ஆஃப் பண்ணிட்டு மெதுவா போ. துவரங்குறிச்சில பாத்துக்கலாம்" என்றார். போனேன். கொஞ்ச நேரத்தில் முள் சட்டென்று இறங்கியது. "பாத்தியாம்மா, சரியாயிடுச்சு" என்றேன். "வாடை போகலையே" என்றார் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சில கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. நின்றுவிட்டது.

பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சாரைப் பேசச் சொல்லுங்க மேடம்" என்றார். போனைக் கொடுத்தேன். "லேடீஸ் முள்ளைப் பாக்க மாட்டாங்க சார்" என்று என் முன்னாலேயே சொன்னார். அந்த முப்பது நிமிடமும் நான் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தோம். அங்கே வயதான மெக்கானிக் ஒருவர். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். முள் எப்போ ஏறுச்சு? மெதுவா இறங்குச்சா, சட்டுன்னு இறங்குச்சா? ஃபேன் சத்தம் கேட்டுச்சா? கடைசியாக, "ஏதாவது வாடை வந்துச்சாம்மா? இனிப்பா?" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஆமாம், அம்மா சொன்னார் என்றேன்.

"அப்பவே நிறுத்தியிருந்தா ஹோஸோட போயிருக்கும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அவர் விளக்கியதைச் சமையலறையில் புழங்கும் எவருக்கும் புரியும்படி சொல்லலாம். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட்டைப் போல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கூலண்ட் நூறு டிகிரியில் கொதித்துவிடாமல் இருக்கிறது. அது மூடிய சுற்று, கூலண்ட் பெட்ரோல் மாதிரிச் செலவாகிற பொருள் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அடி ஹோஸ், கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் வெடித்திருந்தது. ஊற்றிய போர் தண்ணீர் ரேடியேட்டரின் உள்ளே உப்பாகப் படிந்திருந்தது. முள்ளுக்குத் தகவல் சொல்லும் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். திரவம் வற்றினால் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். நான் நிம்மதி அடைந்த அந்த நொடியில்தான் எஞ்சின் தண்ணீரில்லாமல் வேகத் தொடங்கியிருக்கிறது. அலுமினிய ஹெட் சூட்டில் நெளிந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்த கேஸ்கட் போய்விட்டது. ஆயில் மூடியைத் திருகி உட்புறத்தைக் காட்டினார். பால் டீ நிறத்தில் கூழ். ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அப்படித்தான் இருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்கில் மூன்று கறுப்பு, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. செலவு 42,000 ரூபாய்.

குக்கரில் கேஸ்கட் தளர்ந்தால் எனக்கு விசில் வரும் முன்பே தெரியும். தண்ணீர் போதவில்லை என்றால் வாடையிலேயே தெரியும். அப்போது யாராவது போனில் "இன்னும் ரெண்டு விசில் விடு" என்றால் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்திருப்பேன். காரில் ஏன் அப்படிச் செய்யவில்லை? அந்த வண்டியைத் தினமும் ஓட்டுவது நான். அது எந்த கியரில் முனகும் என்பதுகூட எனக்குத் தெரியும். அதை நான் அறிவு என்று எண்ணவில்லை. தூரத்தில் இருந்தவரின் ஊகத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியான தன் நூலில் சாட்சிய அநீதி என்ற ஒன்றைப் பேசுகிறார். ஒருவர் சொல்வதை, சொல்பவர் யார் என்கிற முன்முடிவை வைத்து மதிப்புக் குறைத்துக் கேட்பது. மனிதரை அறிபவர் என்ற தகுதியிலேயே அது காயப்படுத்துகிறது. முள்ளைப் பற்றிப் பேசிய அந்த மெக்கானிக்குக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். அவரைச் சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. "முள் ஏறினதும் நிறுத்தியிருக்கணும்" என்றார் இணையர். "நீதானே போகச் சொன்ன" என்றேன் நான். இரண்டுமே உண்மைதான். அந்த ஒரு வாரத்தில் அம்மா சொன்ன வாடையைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. சொன்னால் என் வழக்கு பலவீனப்படும். ஐம்பது வருடம் பாகுப் பதம் பார்த்த மூக்கு அது. கார் ஓட்டத் தெரியாதவர், வயதானவர், என் அம்மா என்பதற்காக அந்த மூக்கின் சாட்சியத்தை நான் தள்ளினேன். என்னைக் கேட்காமல் விட்டவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், அவர்களிடம் காட்ட எனக்குக் கோபம் இருந்தது. அம்மா என்னிடம் கோபப்படக்கூட இல்லை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனார். சுமார் நூறு கிலோமீட்டர். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார், வழியெல்லாம் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். காரைக் கண்டுபிடித்தவர் என்று கார்ல் பென்ஸைப் படித்தோம். அந்தக் கண்டுபிடிப்பில் பெர்த்தாவின் சீதனப் பணமும் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சாகசம் அல்ல. ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் அவர் இறங்கிப் போய் எது பழுது என்று பார்த்திருக்கிறார்.

வழக்கமான பராமரிப்பு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் என் இணையரும் வழக்கம் தவறாதவர்கள்தான். அவர் ஊற்றினார், நான் துடைத்தேன். இரண்டும் சேர்ந்து ஒரு பழுதை மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தன. பெண்களின் வீட்டு வேலைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்று பலமுறை எழுதியிருக்கிறேன், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதி பழுதைப் பழுதாகத் தெரியவிடாமல் பார்த்துக்கொள்வது என்பதை நான் எழுதியதில்லை. குடித்துவிட்டு வந்தவரின் வாந்தியை விடிவதற்குள் கழுவிவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் எழும்போது வீடு சுத்தமாக இருக்கும். இன்னும் ஒரு நாள் ஓடும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கறையை அப்படியே விட்டு, எல்லோரையும் பார்க்க வைத்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அப்படி எந்த அச்சமும் இல்லை. நான் குனியவில்லை, அவ்வளவுதான்.

மேலூருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். வாடை வந்தது கூலண்ட்தான், நீ சொன்னது சரி என்று. "அது சரி, நீ சாப்டியா?" என்றார்.

இப்போது வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கிறேன். டப்பாவில் அளவை மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறியிருக்கும்போது இருவரும் சேர்ந்து ஹோஸை அழுத்திப் பார்க்கிறோம். அதில் எப்படி அழுத்துவது என்று ஒரு சண்டை நடக்கும். இன்று காலை தாளில் ஒரு ஈரத் தடம் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். நிறமில்லை, வாடையில்லை. நேற்று ஓடிய ஏசியின் தண்ணீர். இருந்தாலும் தாளை எடுக்காமல், இணையரை எழுப்பப் போனேன்.