மாதிரிக் கையெழுத்து

பிறர் அனுபவித்த துயரத்தைப் பாட ஒருவனுக்கு ஏது உரிமை? மேடையில் சட்டையின்றிக் கத்திப் பெயர்பெற்ற அமெரிக்கப் பாடகர் இக்கி பாப், 2012இல், தம் 65ஆம் வயதில், ‘அப்ரே’ என்ற இசைத்தட்டில் சில பிரெஞ்சுப் பாடல்களைத் தணிந்த குரலில் பாடினார். அவற்றில் ஒன்று ‘லே பாஸான்த்’: எதிர்ப்பட்டு, பேசாமலே விலகிப்போன பெண்களைப் பற்றியது. எழுதியவர் அந்துவான் போல். ஜார்ஜ் பிராஸன்ஸ் மெட்டமைத்து 1972இல் வெளியிட்டபோது போல் உயிரோடில்லை. முந்தைய ஆண்டே இறந்திருந்தார். இக்கி பாப்புக்கோ மொழியே அந்நியம். உச்சரிப்பில் அமெரிக்கா தெரிகிறது.

காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது வங்கியில் என் தினசரி வேலை. ஒத்துப்போனால்தான் பணம். பாட்டில் இந்த விதி செல்லாது. பிராஸன்ஸை அச்சாக ஒத்த குரல்தான் அங்கே கள்ளக் கையெழுத்து.

கைகூடாதவற்றைப் பற்றிய கவிதை அது. போலுக்கே அந்தப் பெண்கள் சொந்தமில்லை எனில், பாடுகிறவனிடம் மட்டும் பட்டா கேட்பதில் நியாயமில்லை. அவன் இரவலை மறைக்கிறானா என்பதைத்தான் கேட்கவேண்டும். இக்கி பாப்பின் இடறும் உச்சரிப்பு எதையும் மறைக்கவில்லை. படித்த துக்கத்தைப் பட்ட துக்கமாக எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.