கேட்டு உண்பதா? கேளாது உண்பதா?

கையில் எடுத்த கவளத்தைப் பற்றி "இது என்ன, எங்கிருந்து வந்தது?" என்று விசாரிப்பது தக்வாவா? அல்லது "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, விசாரிக்காமல் உண்பது நல்லெண்ணமா? இரண்டுக்கும் நம் மார்க்கத்தில் ஆதாரம் உண்டு. இரண்டையும் பொருந்தாத இடத்தில் எடுத்தாளுவோரும் நம்மிடையே உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் பத்துப் பேர் நடுவே கேள்வி கேட்டு, சமைத்தவளின் முகத்தை வாடச் செய்கிறவர் ஒருபுறம். "எல்லாம் அல்லாஹ் மன்னிப்பான்" என்று கடையில் கண்டதையெல்லாம் வாங்கி வருகிறவர் மறுபுறம். இவ்விருவருக்கும் நடுவே நேரான பாதை எது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பெரிய விஷயங்களில் நாம் ஏமாறுவதில்லை. பன்றி இறைச்சி என்றோ, மது என்றோ பெயர் சொல்லி வந்தால் எந்த முஸ்லிம் வீட்டுக் கதவும் திறக்காது. சறுக்கல் ஏற்படுவது சிறிய விஷயங்களில்தான். ஆகையால் சிறியதொரு பதார்த்தத்தையே உதாரணமாகக் கொள்வோம். இன்று நம் பிள்ளைகள் ஆசையோடு கேட்கும் கோழி இறக்கை வறுவலும், அதன் மேல் பூசப்படும் சாஸும் அந்த உதாரணம்.

பிறந்த இடம் குற்றமாகுமா?

இந்தப் பதார்த்தம் பிரபலமானது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பஃபலோ நகரில். 1964ஆம் ஆண்டு அங்கே 'ஆங்கர் பார்' என்னும் விடுதியில் தெரஸா பெல்லிசிமோ என்ற பெண்மணி, சூப்புக்கு மட்டுமே உதவும் என்று ஒதுக்கப்பட்டு வந்த இறக்கைத் துண்டுகளை எண்ணெயில் பொரித்து, மிளகாய்ச் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டிப் பரிமாறினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜான் யங் என்ற கறுப்பின வியாபாரியும் அதே நகரில் 1960களில் வேறொரு சாஸுடன் இறக்கைகளை விற்றார். முன்னவர் யார் என்ற வாதம் அங்கே இன்றும் உண்டு.

"மது விற்கும் விடுதியில் பிறந்த பதார்த்தம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பிறந்த இடத்தைக் கொண்டு உணவுக்கு ஹுக்மு சொல்லப்படுவதில்லை. அதனுள் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டே சொல்லப்படும். பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமானது என்பதே. தடைக்குத்தான் ஆதாரம் வேண்டும். முறைப்படி அறுக்கப்பட்ட கோழி, மிளகாய், வெண்ணெய், உப்பு இவற்றில் தடுக்கப்பட்டது எதுவுமில்லை. பிறர் வீணென்று ஒதுக்கிய பாகத்தை உணவாக்கியது பாராட்டத் தக்க செயலும் ஆகும். கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துத் துடைத்து உண்ணச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, எலும்பை ஒட்டிய சதையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோழியைப் பற்றியே ஒரு சம்பவம் புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் சபையில் கோழிக்கறி வந்தது. ஒருவர் மட்டும் ஒதுங்கியே இருந்தார். அந்தப் பறவை அசுத்தம் எதையோ தின்னக் கண்டு அருவருத்து, இனி உண்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டதாகக் காரணம் சொன்னார். அபூமூஸா (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்கள் கோழி உண்டதைத் தாம் கண்டதாகச் சொல்லி அவரை அருகே அழைத்தார்கள். சத்தியத்தைவிடச் சிறந்தது ஒன்று தெரிந்தால் சிறந்ததையே செய்து, சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுத்துவிடலாம் என்ற நபிவழியையும் எடுத்துக் காட்டினார்கள். மனத்தின் அருவருப்பு வேறு, மார்க்கத்தின் தடை வேறு என்ற பாடம் இதில் இருக்கிறது.

போத்தலுக்குள் என்ன?

அப்படியானால் சந்தேகம் எங்கிருந்து வருகிறது? கோழியிலிருந்து அல்ல, கோழியைப் போர்த்தியிருக்கும் சாஸிலிருந்துதான் வருகிறது.

கடையில் விற்கும் 'தெரியாக்கி' என்னும் ஜப்பானிய வகைச் சாஸ் சம்பிரதாயமாக 'மிரின்' சேர்த்துச் செய்யப்படுவது. மிரின் என்பது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மது. அதில் சுமார் 14 சதவீதம் சாராயம் உண்டு. பிரான்சு தேசத்து 'டிஜான்' கடுகு விழுதில் வெள்ளைத் திராட்சை மது சேர்ப்பது வழக்கம். அமெரிக்க 'பார்பிக்யூ' சாஸ்களில் சில, 'பர்பன்' விஸ்கி கலந்தவை என்று பெயரிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. சோயா சாஸ் மாதக்கணக்கில் ஊறும்போது சிறிதளவு சாராயம் தானாக உண்டாகிறது. கெட்டுப்போகாமல் இருக்கச் சில ஆலைகள் தனியாகச் சேர்ப்பதும் உண்டு.

"அடுப்பில் வைத்தால் சாராயம் ஆவியாகிப் போய்விடுமே" என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். அமெரிக்க விவசாய இலாகாவின் அட்டவணையைப் பார்த்தால், சாராயம் கலந்து சமைத்த உணவு 15 நிமிடம் கொதித்த பின்னும் சுமார் 40 சதவீதம் தங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் சுமார் 25 சதவீதம் நிற்கிறது. முழுவதும் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மது கலந்த கணமே அந்தச் சாஸ் நஜீஸாகிவிட்டது. பிறகு எது ஆவியானால் என்ன?

நம் நாட்டுப் போத்தல்களில் காணும் பச்சைப் புள்ளியைப் பார்த்துத் திருப்தி அடைவோரும் உண்டு. மாமிசக் கலப்பு இல்லை என்பதற்குத்தான் அது அடையாளம். சாராயத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

காடியின் மஸ்அலா

வினிகர் என்னும் காடி இந்தச் சாஸ்களுக்கெல்லாம் உயிர்நாடி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதும் உண்டா என்று வினவ, காடியைத் தவிர வேறில்லை என்றார்கள். அதையே வரவழைத்து உண்டு, நல்லதொரு தொடுகறி என்று புகழ்ந்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் ஷரீபில் வரும் செய்தி இது. இல்லை என்ற வார்த்தையால் வீட்டார் மனம் சுருங்காதபடி, இருந்ததைப் புகழ்ந்த பண்பை நம் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்.

எனினும் மதுவிலிருந்து மாறிவந்த காடியைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மது தானாகவே காடியாக மாறினால் தாஹிர் என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். அதனுள் ஏதேனும் ஒன்றை இட்டு மாற்றினால் ஷாபிஈ மத்ஹபில் அது தாஹிராகாது; ஹனஃபி மத்ஹபில் எவ்வழியில் மாறினாலும் ஆகும். கடையில் 'சிந்தடிக்' என்று எழுதி விற்கும் வினிகர், அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது. திராட்சை மதுவிலிருந்து வரும் காடி அதனின்றும் வேறானது. இரண்டும் ஒன்றெனக் கொண்டு குழம்ப வேண்டியதில்லை. கருத்து வேற்றுமையிலிருந்து விலகிக்கொள்வது விரும்பத்தக்கது என்பது ஃபுகஹாக்களின் விதி. எலுமிச்சையும் புளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், விலகிக்கொள்வது நமக்கு எத்தனை எளிது!

வீட்டிலேயே செய்தால்

ஒரு கிலோ இறக்கையை மூட்டுகளில் வெட்டி, நுனிகளைச் சூப்புக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஈரம் போகத் துடைத்து உப்பு தடவி வையுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டும் உப்பும் சேர்த்து, எலுமிச்சைச் சாறு விட்டு நைய அரைத்து, அடுப்பில் பச்சை வாசனை போகச் சுண்டவிடுங்கள். இறக்கிவைத்து, நூறு கிராம் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினால் சாஸ் திரண்டு பளபளக்கும். மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. வெண்ணெய் காரத்தைத் தணிப்பது அதனால்தான். பொரித்த பிறகே சாஸில் புரட்ட வேண்டும். முன்பே பூசினால் மிளகாய் கருகிக் கசக்கும். இனிப்பு வேண்டும் என்று கேட்கும் சிறுவர்களுக்கு இஞ்சிச் சாறு, வெல்லப் பாகு, மிளகுத் தூள், புளிக் கரைசல் நான்கையும் காய்ச்சிப் பூசலாம். மிரின் இல்லாத குறை எவருக்கும் தெரியாது.

ஒதுக்கிய நுனிகளை எறிந்துவிட வேண்டாம். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்தது நினைவிருக்கட்டும்.

இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. காரமும் புளிப்பும் மிகுந்த சாஸ், பழைய இறைச்சியின் வாடையை மறைக்கவல்லது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று கண்டித்தார்கள். சுவையூட்டுவது வேறு, குறையை மூடுவது வேறு. தன் பிள்ளைக்குச் சமைக்கும் தாய் முதல் வேலையை மட்டுமே செய்வாள்.

கேள்வி யாருடைய கடமை?

இப்போது முதல் வினாவுக்குத் திரும்புவோம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு பிரயாணத்தில் நீர்த்தேக்கம் ஒன்றை அடைந்தார்கள். உடனிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், வனவிலங்குகள் இதில் நீர் அருந்த வருமா என்று அதன் உரிமையாளரிடம் கேட்க, பதில் சொல்ல வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள். புதிதாக இஸ்லாத்தில் வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லையே எனக் கேட்கப்பட்டபோது, நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். இவை ஒருபுறம்.

மறுபுறம், ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் அடிமை கொண்டுவந்த உணவைக் கேளாமலே உண்டார்கள். அறியாமைக் காலத்தில் குறிசொன்னதற்குக் கிடைத்த கூலி அது என்று பின்னர் அவனே சொன்னவுடன், விரலை விட்டு வயிற்றிலிருந்த அனைத்தையும் வாந்தியெடுத்தார்கள். ஹலாலும் ஹராமும் தெளிவானவை, இடையே சந்தேகமானவை உள்ளன, அவற்றை விட்டும் விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்திலமைந்த ஹதீஸும் நாம் அறிந்ததே.

இவற்றிடையே முரண்பாடு இல்லை. முந்தியவற்றில் சந்தேகத்துக்குக் காரணம் ஏதுமில்லை, மனத்தின் கற்பனை மட்டுமே இருந்தது. அதைப் பின்தொடர்ந்தால் வஸ்வாஸ். பிந்தியதில் உண்மை வெளிப்பட்டது. வெளிப்பட்ட பிறகு கண்ணை மூடிக்கொள்ள அவர்களால் முடியவில்லை. அறிய வழியில்லாதவனின் அறியாமை மன்னிக்கப்படும். அறிந்துவிடுவோமோ என்று அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்பவனின் அறியாமை அத்தகையதன்று. போத்தலின் முதுகில் எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல், "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நாம் காணும் முடிவு இதுதான்: கேட்கும் கடமை சமைப்பவருக்கும் வாங்கிக் கொடுப்பவருக்கும் உரியது, கேளாமல் உண்ணும் உரிமை விருந்தாளிக்கு உரியது. முஸ்லிம் சகோதரனின் வீட்டில் விசாரணையின்றி உண்ணலாம் என்ற நம்பிக்கை வெறுமையில் நிற்கவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் முன்கூட்டியே விசாரித்துவிட்டார் என்ற அடிப்படையில் நிற்கிறது. அந்த ஒருவர் தம் பொறுப்பைக் கைவிட்டால் நம்பிக்கை முழுவதும் சரிகிறது. பிறகு ஒவ்வொரு சஹனிலும் கேள்வி, ஒவ்வொரு உறவிலும் விரிசல். வீட்டில் அரைத்த சாஸ் ஓர் அமானிதம் என்று நாம் சொல்வது இதனால்தான். அரைத்தவள் தன் விருந்தினர் அத்தனை பேருக்குமாகச் சேர்த்து விசாரித்து முடித்துவிட்டாள்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று, எல்லாவற்றையும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று நாம் புதியதொரு பர்லை உண்டாக்கவில்லை. மூலப்பொருள்கள் தெளிவாகத் தெரிந்த போத்தலை வாங்குவதில் குற்றமில்லை. மற்றொன்று, இந்தச் சுமையைப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றிவிடலாகாது. போத்தலைக் கடையில் எடுப்பவர் பெரும்பாலும் ஆண். படிக்க வேண்டியவரும் அவரே. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கையில் வீட்டாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, பூண்டு உரிப்பது எந்தக் கணவருக்கும் கௌரவக் குறைவல்ல.

உண்ணுவோர் விரலில் ஒட்டியதையும் தட்டில் தங்கியதையும் வழித்து உண்ணட்டும். பரக்கத் எதில் இருக்கிறது என்பதை நாம் அறியோம். சாஸ் பூசிய இறக்கையை உண்ணும்போது இந்தச் சுன்னத்தை ஹயாத்தாக்கப் பிள்ளைகளிடம் இருமுறை சொல்ல வேண்டியதும் இராது!

வல்ல ரஹ்மான் நம் உணவைத் தூய்மையாக்கி, அதன் வழியாக நம் துஆக்களையும் ஏற்றுக்கொள்வானாக! நம் வீடுகளைப் பிறர் கேளாமல் உண்ணத் தகுந்த வீடுகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.