துணைக்காட்சியும் வாய்மையும்

தொலைக்காட்சிச் செய்தியறிக்கை சொல், காட்சி என்னும் இரு கூறுகளால் அமைவது. செய்தியாளரின் குரல் தொடர்ந்து ஒலிக்க, அக்குரல் குறிப்பிடும் இடத்தையும் மாந்தரையும் செயலையும் திரையிற் காட்டும் படப்பகுதிகளைத் துணைக்காட்சி எனலாம். செய்தியறிக்கை தயாரிக்கப் பயிலும் மாணவர் பலர் இதனை உரைக்கு இடப்படும் அணியாகவே கருதுவர். ஆயின், பார்ப்போர் அதனைச் சான்றாகவே கொள்கின்றனர். எனவே, துணைக்காட்சியைத் தெரிவுசெய்தல் தொழில்நுட்பம் மட்டுந்தானா, அன்றி அறஞ்சார்ந்த செயலுமாகுமா என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கையில் எடுக்கப்பட்ட விவரணப்படமொன்று துணைபுரிகின்றது. பசில் றைற் நெறிப்படுத்திய 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் அப்படம், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவுடன் 1934 இல் உருவானது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை லயனல் வென்ற் வாசிக்க, இருபதாம் நூற்றாண்டு மாந்தர் திரையில் இயங்குகின்றனர். இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டு கணப்பொழுதில் மறைந்துவிடுகின்றது. மூன்றாம் பகுதியிலோ, உழைப்போரின் காட்சிகள் மீது வணிகச் சந்தையின் விலைக்குரல்கள் ஒலிக்கின்றன. உழைப்பு ஓரிடத்திலும் அதன் விலை வேறோரிடத்திலும் தீர்மானிக்கப்படுவதைச் சொல்லாமற் சொல்லும் இவ்விணைப்பு கலைச்சிறப்பு வாய்ந்ததே. எனினும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அங்கு உண்டு. அவள் சொல் இல்லை.

கலைஞனுக்குரிய இச்சுதந்திரம் செய்தியாளனுக்கும் உண்டோ? 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது முதல், கண்டியைச் சூழ்ந்த மலைகள் எண்ணற்ற படங்களுக்குப் பொருளாகியுள்ளன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டமை பற்றி மாணவர் ஒருவர் அறிக்கை தயாரிப்பதாகக் கொள்வோம். பசுமையான மலைச்சரிவும், கூடை சுமந்து முறுவலிக்கும் பெண்ணும் கண்ணுக்கினிய காட்சிகளே. ஆயின், உரை வறுமையைக் கூற, காட்சி அதனை மறுத்துவிடும். மாறாக, கொழுந்து நிறுக்கும் தராசு, நிறையைப் பதியும் கை, அந்நிறையை உற்றுநோக்கும் முகம் ஆகியவற்றைத் தொலைவிலும் அண்மையிலும் நின்று, ஒவ்வொன்றையும் பத்து விநாடியேனும் கருவி அசையாது பதிவுசெய்து, அவ்விடத்து ஒலியையும் சேர்த்தால், நிறை குறைந்தோர்க்கு 'அரைப்பேர்' விழுவதன் பொருள் தானே விளங்கும். உரை சுருங்க, உண்மை விரியும்.

பொருந்தாக் காட்சியால் விளையும் தீங்கு இதனினும் கொடிதாதல் கூடும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நிகழ்ந்தபோது, வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் சமூக ஊடகங்களிற் பரவின. அரசாங்கம் அவ்வூடகங்களைச் சில நாட்கள் தடைசெய்தது. அவ்வன்முறையில் தன் தளம் வகித்த பங்கிற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. இத்தகைய சூழலில், முன்னொருநாள் வேறோர் ஊரில் எரிந்த கடையை இன்று இவ்வூரில் எரிவதாகக் காட்டினால், நாளை மெய்யாகவே ஒரு கடை எரியக்கூடும்.

நிகழ்வு நேரும் கணத்தில் ஒளிப்பதிவாளர் அங்கிருப்பது அரிது. ஆகவே பழைய காட்சியின்றிச் செய்தி அமையாது என்பர் சிலர். இக்கூற்றில் நியாயமுண்டு. பழைய காட்சியைப் பயன்படுத்துதல் தவறன்று. அது எடுக்கப்பட்ட இடத்தையும் காலத்தையும் திரையிற் குறிப்பிடாது விடுதலே தவறு. அவ்வாறு குறிப்பிட இயலாத காட்சியைத் தவிர்த்து, செய்தியாளர் தம் சொல்லை மட்டுமே நம்பி நிற்றல் நன்று.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. செய்தியைப் பார்ப்போர்க்குத் தீர விசாரிக்கும் வாய்ப்பில்லை. அப்பொறுப்பைச் செய்தியாளரிடமே ஒப்படைத்துள்ளனர். படத்திற் பதிவான தொழிலாளிக்கோ, தன் உருவம் எச்சொல்லுடன் இணைக்கப்படும் என்பதை அறியும் வாய்ப்புமில்லை. இவ்விருவர்க்கும் பிழை செய்யாத காட்சியே பயனுள்ள துணைக்காட்சியாகும்.