உதாசீனனும் மத்தியஸ்தனும்

தில்லியில் சரோஜினி நகர் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது நெரிசல் மிகுந்த அங்காடி. தில்லித் தமிழர்களுக்கோ, அங்குள்ள விநாயகர் ஆலயமும், மத்திய அரசு ஊழியர்கள் நெடுங்காலம் வாழ்ந்த குடியிருப்புகளும் நினைவில் எழும். அப்பகுதி யாருடைய பெயரைத் தாங்கியுள்ளதோ, அந்தச் சரோஜினி நாயுடு அம்மையார், 1947 மார்ச் 23 அன்று தில்லிப் பழைய கோட்டையில் தொடங்கிய ஆசிய உறவுகள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பாரதம் அப்போது விடுதலை பெற்றிருக்கவில்லை. எனினும் வல்லரசுகளின் அணிகளுள் எதிலும் சேராமல் நிற்பது என்னும் எண்ணத்தை நேரு 1946 செப்டம்பரிலேயே வானொலியில் அறிவித்திருந்தார்.

அம்மாநாட்டிற்குத் திபெத்தும் தன் கொடியுடன் வந்திருந்தது. அங்கு வைக்கப்பட்டிருந்த ஆசிய வரைபடத்தில் திபெத் தனி நாடாகக் காட்டப்பட்டிருந்ததைச் சீனப் பிரதிநிதிகள் எதிர்த்தனர். வரைபடம் திருத்தப்பட்டது. பலருக்குச் சிறிய சம்பவமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அச்சிறு நாடு அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு பெருஞ்சோதனையைச் சந்தித்திருந்தது.

1942-இல் பர்மா ஜப்பான் வசமாயிற்று. சீனாவிற்குப் போர்த்தளவாடங்கள் சென்றுகொண்டிருந்த பர்மாச் சாலை அடைபட்டது. பாரதத்திலிருந்து திபெத்தின் வழியே சீனாவிற்கு ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 'இந்தப் போரில் நாங்கள் எத்தரப்பையும் சேர்ந்தவர்கள் அல்லர்' என்று லாசா மறுத்தது. சீனா மட்டுமின்றி ஆங்கில அரசும் வற்புறுத்திய பிறகு, ஆயுதங்கள் அல்லாத பொருள்களை மட்டும் பொதிமிருகங்களின் மீது கொண்டுசெல்ல இசைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் கடிதத்துடன் இரு இராணுவ அதிகாரிகள் லாசாவை அடைந்து, ஏழு வயதுப் பாலகரான தலாய் லாமாவைச் சந்தித்தனர். அவ்விருவருள் ஒருவர் இலியா டால்ஸ்டாய். அகிம்சையைப் போற்றிய ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் பேரனே போர்க்காலத் தூதராக அங்கு சென்றது விதியின் விளையாட்டுப் போலும்!

திபெத் செய்தது சரிதானா? எளிதில் விடை கூற இயலாத கேள்வி இது. ஆக்கிரமிப்பாளன் ஜப்பான், தாக்கப்பட்டது சீனா. தாக்கப்பட்டவனுக்கு உதவி செல்லும் வழியை அடைப்பது, மறைமுகமாகத் தாக்கியவனுக்கு உதவுவது ஆகாதா? ஆனால் பாதை கேட்ட சீனாவே, திபெத் தனக்கு உரியது என்றும் கூறிவந்தது. பாதை போட வருபவன் பாதை முடிந்த பின் திரும்பிச் செல்வான் என்பதற்கு என்ன உறுதி? 1914-இல் தன் மண்ணின் வழியே படையை விடுமாறு ஜெர்மனி பெல்ஜியத்தைக் கேட்டது. மறுத்த பெல்ஜியம் படையெடுப்புக்கு ஆளாயிற்று. வலியவன் 'வழி மட்டும் விடு' என்று கேட்கும்போது எளியவனின் எந்த விடையும் துன்பத்தையே கொணரும். அந்நிலையில் திபெத் மறுத்ததைக் கோழைத்தனம் என்று கூறுவது நியாயமாகாது.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் 'உதாசீனன்', 'மத்தியஸ்தன்' என்று இருவரைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். எந்தப் பக்கமும் சாராதவன் உதாசீனன். பகைத்து நிற்கும் இருவருக்குமே நன்மையை நாடுபவன் மத்தியஸ்தன் என்பது ஆதிசங்கரரின் விளக்கம். வெளிப்பார்வைக்கு இருவரும் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளத்தால் வேறானவர்கள். பாரதப் போரில் சேராமல் தீர்த்தயாத்திரை சென்ற பலராமர் முதல் வகையை நினைவூட்டுகிறார். அதே போரில் இரு படைகளுக்கும் பெருஞ்சோறு அளித்ததாகப் புறநானூறு போற்றும் சேரமான் உதியஞ்சேரலாதன் இரண்டாம் வகை. (அது முன்னோர்க்குப் படைத்த சோறு என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு.) வள்ளுவரும் நடுவு நிலைமைக்குத் தராசையே உவமையாக்கினார். தராசு எடை போடுவதை நிறுத்திவிடுவதில்லை.

திபெத் உலகத்தோடு உறவு பூணாமல் வாழ்ந்தது. எந்த உலக அமைப்பிலும் சேரவில்லை. 1950 அக்டோபரில் சீனப்படை சாம்தோவிற்குள் நுழைந்தது. நவம்பரில் திபெத் ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையிட்டது. அதனை எடுத்துப் பேச முன்வந்தது தொலைதூரத்து எல்சால்வடார்! சமரச முடிவு வரக்கூடும் என்று பாரதப் பிரதிநிதி கூற, விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. பழைய கோட்டையில் திபெத்தை விருந்தினராக வரவேற்ற பாரதம் அன்று உதாசீனனாகவே நின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றே ஆண்டுகளில் அதே பாரதம் மத்தியஸ்தனாகவும் நின்றது. 1953-இல் கொரியப் போர் ஓய்ந்தபின், தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் பொறுப்பு, ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காவல் காத்தவை பாரதப் படைகள். அவை தன் மண்ணில் கால்வைக்கவும் தென்கொரியா அனுமதிக்கவில்லை. படையற்ற பகுதிக்கு ஹெலிகாப்டர்களில் செல்ல நேர்ந்தது. இரு தரப்பினரும் குறை கூறினர். கைதிகளை அடக்குவதும் ஆற்றுவதுமாக நம் வீரர்கள் மாதங்களைக் கழித்தனர்.

அக்கைதிகளுள் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனமும் வேண்டாம் என்று கூறிவிட்டனர். 1954 பிப்ரவரியில் பாரதப் படையினருடன் கப்பலேறிச் சென்னையில் வந்திறங்கினர். பின்னர் தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாளடைவில் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவிற்கும் சென்றனர். சிலர் மட்டும் இங்கேயே தங்கி, தொழில் செய்து, குடும்பம் நடத்தி, இந்நாட்டினராகவே வாழ்ந்தனர்.